உச்சிக்குழியில் வைத்த மெஷின்

ஆயம்மாள் யாரையும் லேசில் நம்பமாட்டாள். ரேஷன் கடைத் தராசை நம்பமாட்டாள். கரும்பு வெட்டு மேஸ்திரியின் வாயை நம்பமாட்டாள். கல்வராயன் மலைமேல் கருத்து நிற்கிற மேகத்தைப் பார்த்துக்கூட, "அது வெள்ளிமலையிலயே ஊத்திட்டுப் பூடும், இங்க எறங்காது" என்று சொல்லி, துவைத்த துணியை வெளியே காயப்போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். பாதி நாள் அவள் சொன்னது பலிக்கும். மீதி நாள், நனைந்த துணியை யாரும் பார்க்காமல் பிழிந்து கொடியில் போட்டுவிடுவாள். அப்படிப்பட்டவள் முழுசாக வெறுத்தது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். ஸ்கேன் மெஷின்.

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில், குறைமாசக் குழந்தைகளை வைத்திருக்கும் அறைக்கு ஒரு பெரிய கண்ணாடி உண்டு. அதன் வெளியே நின்றுகொண்டிருந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். தம்பி ஜெயப்பிரகாஷின் குழந்தையின் தலையில் ஒரு டாக்டரம்மா கொழகொழவென்று எதையோ தடவினாள். பிறகு வயர் வைத்த கட்டை ஒன்றை எடுத்து நேராக உச்சிக்குழியில் வைத்தாள். எலும்பு மூடாத இடம் அது. பெற்றவள்கூட அங்கே விளக்கெண்ணெய் வைக்கும்போது விரல் அழுந்தாமல் வைப்பாள்.

"ஏ, உச்சியில அழுத்தாதம்மா! புள்ள செத்துப்பூடும்!" என்று கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே கேட்கவில்லை. நர்ஸ் ஒருத்தி வந்து திட்டிவிட்டுப் போனாள்.

ஆடி மாசத்தில் பிறந்த குழந்தை. ஏழு மாசம் முடிந்த கையோடு ஜெயப்பிரகாஷின் பெண்டாட்டி ஷாலினிக்கு பிரஷர் ஏறி, கைகால் வீங்கி, 108 வண்டியில் கொண்டுவந்து ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பொம்பளைப் பிள்ளை. எழில்மதி என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் நீளத்துக்குக்கூட ஆள் இல்லை என்று ஆயம்மாள் சொல்லுவாள். ஆனாலும் தினம் இரண்டு பஸ் மாறி வந்து, அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

ஸ்கேன் எடுத்த அன்றைக்கு அந்த டாக்டரம்மா தம்பி, ஷாலினி, இவள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டாள். சுபஸ்ரீ என்று சட்டையில் எழுதியிருந்தது. சின்ன வயசு. தூக்கமில்லாத கண்.

"மொதல் வாரத்துல எடுத்தப்ப ஒண்ணும் தெரியல. இப்ப எடுத்ததுல தெரியுது," என்று கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினாள். "மூளைக்கு நடுவுல தண்ணி இருக்கற அறை இருக்கும். அதுக்குப் பக்கத்துலதான் காலுக்குப் போற நரம்பெல்லாம் போவுது. அங்க ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன ஓட்டையா விழுந்திருக்கு. கொறமாசத்துல பொறக்கற சில புள்ளைங்களுக்கு இப்படி ஆவும். யாரு மேலயும் தப்பு இல்ல."

"அதனால இன்னா மேடம் ஆவும்?" என்றான் ஜெயப்பிரகாஷ்.

"காலு வெறைப்பா போறதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. நடக்க லேட்டாவும், சிரமப்படும். மூளைவாதம்னு சொல்வோம். இப்ப வெளிய ஒண்ணும் தெரியாது. அஞ்சாறு மாசம் போனாத்தான் தெரிய ஆரம்பிக்கும். ஆனா அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்கக் கூடாது. இப்பவே பயிற்சி ஆரம்பிச்சிட்டா புள்ளைக்கு நல்லது. வாரம் ஒருநாள் கீழ இருக்கற சென்டருக்குத் தூக்கிட்டு வாங்க."

"கண்டிப்பா கால் வராதுன்னு சொல்றீங்களா?" ஆயம்மாள் கேட்டாள்.

"கண்டிப்பான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. வாய்ப்பு ஜாஸ்தின்னுதான் சொல்றேன்."

"கண்டிப்பா தெரியாதுன்னா எதுக்கும்மா புள்ள மண்டையத் தொறந்து எட்டிப் பாத்தீங்க?"

"தொறக்கலம்மா. உச்சியில எலும்பு மூடல இல்ல, அதான் எங்களுக்கு ஜன்னல். மூடறதுக்குள்ள பாத்தாத்தான் உண்டு. சத்தம்தான் உள்ள போயித் திரும்பி வருது. புள்ளைக்கு வலிக்காது."

"சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

டாக்டர் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு ஆயம்மாளுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. கச்சிராயபாளையம் பஸ்ஸில் திரும்பி வரும்போது வழிநெடுக யோசித்தாள். உள்ளே ஏதோ தப்பு நடந்திருக்கிறது, அதை மறைக்க முன்கூட்டியே கதை கட்டுகிறார்கள். அல்லது டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லிக்கொடுக்க ஒரு குழந்தை வேண்டியிருக்கிறது. அல்லது அந்தக் கட்டையை வைத்து அழுத்தியதில்தான் ஓட்டையே விழுந்திருக்கிறது. மூன்றில் எது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கோபத்துக்குக் காரணம் தெருவுக்கே தெரியும். கல்யாணமாகித் திருக்கோவிலூர்ப் பக்கம் வாழப்போன புதிதில், நான்காம் மாசத்தில் அவளை மாமியார் ஒரு கரும்புக் கொல்லை மோட்டார்க் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். எவனோ ஒருவன் காரில் மெஷினைக் கொண்டுவந்திருந்தான். வயிற்றில் வைத்துப் பார்த்துவிட்டு, "பொண்ணு" என்றான். புருஷன் வீட்டில் பையன்தான் வேண்டும் என்று நின்றார்கள். ஆயம்மாளும் அழுதுகொண்டே சரி என்று தலையாட்டினாள். மெஷினே சொல்லிவிட்ட பிறகு தான் என்ன சொல்வது என்று நினைத்தாள். கருவைக் கலைத்து எடுத்துப் பார்த்த மருத்துவச்சிதான், "அய்யய்யோ, பையன்டி" என்றாள். அதற்கப்புறம் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். இவள் தாய்வீட்டுக்கு வந்து, அப்பன் ஆத்தாள் இல்லாத தம்பியை ஆளாக்கி, அவனுக்குக் கல்யாணமும் செய்துவைத்தாள். மாமியாரை மன்னித்துவிட்டாள், புருஷன் முகம்கூட மறந்துவிட்டது. அந்த மெஷினை மட்டும் மன்னிக்க மனசு வரவில்லை.

புரட்டாசியில் குழந்தை வீட்டுக்கு வந்தது. ஷாலினி இரண்டு வாரம் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போய்வந்தாள். குழந்தை இன்னும் பொடிசாக இருந்ததால் ஈரத்துணியில் துடைத்துத்தான் எடுத்தார்கள். ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில், இனி தண்ணி ஊற்றலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதாக ஷாலினி சொன்னதும், ஆயம்மாள் சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு மணையில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

அந்தத் தெருவில் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் முதல் தண்ணி ஊற்றியது அவள் கால்மேல்தான். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் குப்புறப் போட்டு, ஒரு கையால் முதுகை நீவி, மறுகையால் செம்புத் தண்ணியை ஊற்றினால், எப்படிப்பட்ட அழுகைக்காரக் குழந்தையும் கொஞ்ச நேரத்தில் கண் சொக்கிவிடும். குழந்தை உடம்பில் என்ன குறை இருந்தாலும் தன் முழங்காலுக்குத் தெரியாமல் போகாது என்பது அவள் கட்சி. எதிர்வீட்டு பூமாலையின் மகனுக்குத் தோள்பட்டை இறங்கியிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தாள். அதைத் தெருவில் இன்றைக்கும் பேசுவார்கள், பேசாவிட்டால் அவளே ஞாபகப்படுத்துவாள்.

எழில்மதியின் தொடையை நீவினாள். மடக்கினாள், நீட்டினாள். பாதத்தைக் கொண்டுபோய் எதிர்ப்பக்கக் காதில் தொட்டாள். எல்லாம் வளைந்து கொடுத்தது.

"டேய் ஜெயப்பிரகாசு, இங்க வாடா! தோ பாரு, வாழத்தண்டு கணக்கா இருக்குது காலு. எங்கடா வெறப்பு?"

"இப்ப தெரியாதுன்னு அவுங்களேதான சொன்னாங்க அண்ணி," என்றாள் ஷாலினி.

"இப்ப தெரியாது, அப்பறம் தெரியும். இது இன்னா ஜோசியமா? நாளைக்கிப் புள்ள நல்லா நடந்துச்சின்னா எங்க பயிற்சியாலதான்னு சொல்லுவா. நடக்கலன்னு வெச்சிக்கோ, நான்தான் அன்னிக்கே சொன்னேனேன்னு சொல்லுவா. ரெண்டு பக்கமும் அவதான் ஜெயிப்பா. நம்ம புள்ளதான் அந்தக் கூட்டத்துல கெடந்து அலையணும்."

"இருந்தாலும் போயிட்டு வந்தா இன்னா அண்ணி? வாரத்துல ஒருநாள்தான."

"பச்ச உடம்ப பஸ்ல போட்டுக் குலுக்கிகினு போவியா? சளி புடிச்சா மறுபடியும் அந்தக் கண்ணாடி ரூம்லதான் கொண்டுபோயி வெக்கணும். எங்கால்ல ஆயிரம் புள்ளைங்களப் பாத்துட்டேன். எங்காலு பொய் சொல்லாது."

ஜெயப்பிரகாஷுக்கு அந்த வார்த்தைதான் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. "அக்கா சொல்லிச்சின்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கேழ்வரகுக் களியை இரண்டு உருண்டை கூடுதலாகச் சாப்பிட்டான். ஷாலினி குழந்தையை வாங்கித் துடைத்தாள். அதற்கப்புறம் யாரும் சென்டர் பேச்சை எடுக்கவில்லை.

கார்த்திகையில் சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு வந்துவிட்டது. அக்காவும் தம்பியும் இருட்டோடு கிளம்பிப் போவார்கள். அவன் வெட்டிப் போடுவான், அவள் காய்ந்த இலைச் சோகையைக் கழித்துக் கட்டுவாள். சோகை அறுத்த கையில் வியர்வை பட்டால் எரியும் எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. சாயங்காலம் வந்ததும் அதையெல்லாம் மறந்து குழந்தைக்குத் தண்ணி ஊற்ற உட்கார்ந்துவிடுவாள். அந்த வேலையை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. குழந்தை அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தது. "மெஷினுக்காரி வந்து பாக்கட்டும்" என்று தெருவில் நாலு பேர் காதில் விழச் சொல்லுவாள்.

மாசி பிறந்து, மகத்துக்கு ஊர் கிளம்பிக்கொண்டிருந்த சமயம். குழந்தையை மல்லாத்திப் போட்டு வயிற்றில் தண்ணி ஊற்றும்போது, வலது கால் விறைத்து நீண்டது. மெல்ல இடது காலின்மேல் ஏறிக்கொண்டது. பிரித்துவிட்டாள். மறுபடியும் ஏறியது. தண்ணி குளிர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து வெந்நீரைக் கூட்டி ஊற்றினாள். அடுத்த நாள் வாயுவாக இருக்கும் என்று வசம்பைச் சுட்டு உரைத்துத் தடவினாள். அதற்கடுத்த நாள் எண்ணெயை மாற்றினாள். கால் தினம் தினம் பின்னியது. குப்புறப் போட்டால் அவள் முழங்காலுக்கு நடுவில் இரண்டு குச்சியை வைத்த மாதிரி இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று. பயமாக இருந்தது அவளுக்கு. அந்தச் சின்ன வயசுக்காரி சொன்ன கணக்கில் மாசம்கூடப் பிசகவில்லையே என்கிற நினைப்பு வரும்போதெல்லாம், குழந்தையை அவசரமாகத் துணியில் சுற்றி ஷாலினியிடம் நீட்டிவிடுவாள். நீட்டும்போது அவள் முகத்தைப் பார்ப்பாள். இவளுக்குத் தெரியுமா? ஷாலினியும் ஏறிட்டுப் பார்ப்பாள். குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

பங்குனிக் கடைசியில் ஒருநாள், லோடு ஏற்ற டிராக்டர் வராமல் மத்தியானமே வேலை நின்றுபோனது. ஜெயப்பிரகாஷ் கரும்புக் கொல்லையிலேயே இருந்துகொண்டான். ஆயம்மாள் மட்டும் ஆட்டுக்குக் கரும்பு நுனிக் கொழுந்தாடையைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தாள். பாயில் குழந்தையைப் போட்டு, ஷாலினி அதன் இரண்டு முழங்காலையும் பிடித்து விலக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை துடிக்கத் துடிக்க விடாமல் பிடித்திருந்தாள். பிறகு துண்டை உருட்டிக் கால்களுக்கு நடுவில் வைத்தாள்.

ஆயம்மாளுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. அதற்கு அடுத்தபடியாக வந்ததுதான் அவளுக்கே ஆச்சரியம். அப்பாடா என்று இருந்தது. இவள் முறுக்குகிறாள், அதனால்தான் கால் விறைக்கிறது! மெஷின் சொன்னதால் இல்லை, தன் கால் பொய் சொன்னதாலும் இல்லை. யாரும் இல்லாத நேரத்தில் இவள் செய்கிற வேலை. கொழுந்தாடையைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டு, வாசலோடு திரும்பி எதிர்வீட்டுக்குப் போனாள்.

"புள்ள கால கதவச் சாத்திகினு முறுக்கறாடி," என்றாள் பூமாலையிடம்.

"யாரு? ஷாலினியா? பெத்தவ எதுக்குக்கா அப்டி பண்ணப் போறா?"

"யாருக்குத் தெரியும்? பொண்ணாப் பொறந்துடுச்சின்னு இருக்கும். கொறையோட பொறந்துடுச்சேன்னு இருக்கும். ஆஸ்பத்திரிக்காரி காதுல இன்னா ஓதுனாளோ."

"அய்ய, அப்டிலாம் சொல்லாதக்கா. அது நல்ல பொண்ணு."

"நானும் அப்டித்தான் நெனச்சிகினு இருந்தேன்," என்றாள் ஆயம்மாள்.

பூமாலையிடம் சொன்னது தெருவைச் சுற்றி ஜெயப்பிரகாஷின் காதுக்குப் போகச் சித்திரை பிறக்க வேண்டியிருந்தது. டாஸ்மாக் கடை வாசலில் எவனோ சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான். வந்த வேகத்தில் வாசலில் கிடந்த தண்ணிக்குடத்தை எட்டி உதைத்தான். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஷாலினி குழந்தையை இடுப்பில் வைத்தபடி வெளியே வந்தாள்.

"புள்ள காலப் புடிச்சி முறுக்கறியாமே?"

"முறுக்கல. சென்டர்ல சொல்லிக் குடுத்தத செய்யறேன்."

"யாரு செய்யச் சொன்னா? வாணாம்னு சொன்னமா இல்லியா? திருட்டுத்தனமா கதவச் சாத்திகினு எத்தினி மாசமாடி நடக்குது?"

"தெரிஞ்சி செஞ்சா நீங்க வுட்டிருப்பீங்களா? போன மாசந்தான் ஆரம்பிச்சேன். பங்குனி உத்தரம் முடிஞ்சி. காலு ரெண்டும் பின்னிக்கிது, பிரிய மாட்டேங்குது. அதப் பாத்துட்டு பயந்துபோயிதான் ஆரம்பிச்சேன். ரெண்டு வாட்டிதான் அங்க போயிருக்கேன். சரியா செய்யறனா, தப்பா செய்யறனான்னுகூட எனக்குத் தெரியல."

"பொய் சொல்லாத! நல்லா இருந்த கால முறுக்கி முறுக்கி வெறைக்க வெச்சிட்டு, வெறைச்சதாலதான் செஞ்சேங்கற. அதுக்கு முன்ன வெறைச்சிருந்தா தெனம் தண்ணி ஊத்தற அக்காவுக்குத் தெரியாமப் பூடுமா?"

ஷாலினி ஆயம்மாளைப் பார்த்தாள். தெருவில் ஆள் கூடிவிட்டது. பூமாலை இடுப்பில் கைவைத்தபடி நின்றாள்.

"நாளைக்கே உங்கம்மா வூட்டுக்கு நடயக் கட்டு," என்றான் ஜெயப்பிரகாஷ். "புள்ள இங்க இருக்கட்டும். அக்கா பாத்துக்கும். நீ சொல்லுக்கா, எல்லாருக்கும் கேக்கட்டும். காலு நல்லாத்தான இருந்துச்சி?"

ஆயம்மாள் ஒரு தலையசைப்புக் கொடுத்தால் போதும். பேசக்கூட வேண்டாம். தெருவில் அவள் பேர் நிற்கும், கால்மேல் இருந்த நம்பிக்கையும் நிற்கும். குழந்தை தன்னோடேயே இருக்கும். அதைவிட அவளுக்கு வேறு என்ன வேண்டும்? குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. சிரித்த சந்தோஷத்தில் உடம்பை நெட்டியது. ஷாலினியின் இடுப்பைத் தாண்டித் தொங்கிய வலது கால், எல்லோர் கண்ணெதிரேயும் விறைத்து நீண்டது.

"இல்லடா," என்றாள் ஆயம்மாள்.

"இன்னா இல்ல?"

"மாசியிலயே வெறைச்சிகிச்சி. மகத்துக்கு முந்தி. எங்கால்ல போட்டு தண்ணி ஊத்தும்போதே பாத்தேன். இவ கைய வெக்கறதுக்கு ஒரு மாசம் முந்தியே."

"அக்கா!"

"அவ முறுக்கல. அவ மேல நான்தான் பழியப் போட்டேன். அவளப் போவச் சொல்லாதடா."

"ஏன்க்கா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா தூக்கிகினு ஓடியிருப்பனே."

ஆயம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. "சொல்ல வாய் வரலடா. அன்னிக்கி மெஷினு பொய் சொல்லிச்சி, நம்பிப் போயிப் படுத்தேன். இன்னிக்கி நெசத்த சொல்லிச்சி, நான் நம்பல. ரெண்டு தபாவும் புள்ளைக்கித்தான்டா போச்சி."

ஜெயப்பிரகாஷ் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். பூமாலை மெல்லக் கூட்டத்தை விலக்கிவிட்டாள். ஷாலினி திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று ஆயம்மாள் காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. ஷாலினி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு கிட்டே வந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணி இல்லை.

"எந்தக் காலு அண்ணி மொதல்ல?"

"இன்னாம்மா?"

"மொதல்ல வெறைச்சது எந்தக் காலு?"

"வலது காலும்மா. அது வந்து இடது மேல ஏறிக்கும்."

"அழுவும்போது மட்டுமா, சும்மா இருக்கும்போதுமா?"

"மொதல்ல அழுவும்போது. அப்பறம் சும்மா இருக்கும்போதும்."

"கையி?"

"கையில ஒண்ணும் இல்ல. கை நல்லாத்தான் இருக்குது."

ஷாலினி ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "நாளைக்கி அங்க போனா டாக்டர் இதத்தான் கேப்பாங்க. நான் பாத்தது பங்குனியிலதான், அதுக்கு முன்ன நடந்தது எனக்குத் தெரியாது. நீ வந்து சொல்லணும். அவுங்க எதிர்ல நின்னு, எப்ப பாத்தன்னு ஒன் வாயால சொல்லணும்."

"வரேம்மா."

அன்று சாயங்காலம் குழந்தைக்குத் தண்ணி ஊற்ற மணையில் உட்கார்ந்தது ஷாலினிதான். ஆயம்மாள் வெந்நீரை விளாவிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, கூப்பிடுவாளா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். ஷாலினி கூப்பிடவில்லை.